நான் கையெழுத்துப் போட்ட மரம்

கிட்டார் விற்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கம்பி மாற்றவும் சுருதி சேர்க்கவும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தருவார்கள். நான் செகந்திராபாத்தில் ஒரே கடையின் ஒரே கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்றுவிட்டு ரிட்டயர் ஆனவள். கடையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. விமலாவை ஏமாற்ற முடியாது, அவள் எதையும் லேசில் நம்ப மாட்டாள் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது. ஒரு பையனின் கல்யாணத்தை நான் எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதாப்பூர் பக்கம் சாப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் மளமளவென்று எழும்பிய காலம் அது. முதல் சம்பளத்தில் சாதாரண கிட்டார் வாங்கிய பையன்கள், ஆன்சைட் என்று வெளிநாடு போய்வந்ததும் அதை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு, விலை கூடியதாக ஒன்று கேட்டு வருவார்கள். இதை மோப்பம் பிடித்தவர் எங்கள் ஓனர். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதி தக்கினி, அதாவது ஹைதராபாத் உருது. அவர் வெளியூரில் ஒரு கிட்டார் ஆசாரியைப் பிடித்தார். அந்த ஆள் இடித்த பழைய கட்டடங்களிலிருந்து மரம் வாங்கிக் கிட்டார் செய்கிறாராம். ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு கதை உண்டு. ஒன்று ஜமீன் மாளிகைக் கதவு, ஒன்று கப்பலின் பாய்மரம்.

"ஹைதராபாத்துக்குக் கப்பல் எந்த வழியா சார் வந்துச்சு, ஹுசேன் சாகர் ஏரியிலயா?" என்று கேட்டேன்.

"கைக்கு விமலா இப்படி மூஞ்சிய வெச்சிக்கிறே? கஸ்டமர் மரம் வாங்க வரல, கதை வாங்க வராங்க. ஹவ்வா இல்லியா?" தக்கினியில் கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம்.

கிட்டார்கள் நன்றாகத்தான் இருந்தன, அதில் பொய் சொல்லக் கூடாது. அந்த ஆசாரியின் கை சுத்தமான கை. ஆனால் பக்கத்தில் தொங்கிய கதையில்லாத கிட்டாரும் ஏறக்குறைய அதே மாதிரிதான் பாடியது. அதன் விலையைப் பார்த்துவிட்டு இதன் விலையைப் பார்த்தால் வயிறு எரியும். மரம் எந்த மாளிகையில் இருந்தது என்பது காதுக்குத் தெரியாது என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன். ஓனர் கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்.

அங்கேதான் சர்டிபிகேட் வந்தது. சாப்ட்வேர் பையன்களுக்கு எதற்கும் ஒரு சர்டிபிகேட் வேண்டும். அமீர்பேட்டில் அப்போது பதினைந்து நாளில் கோர்ஸ் சர்டிபிகேட் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்தால் வேலையே பார்க்காத கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்ததாகவும் சர்டிபிகேட் கிடைக்கும் என்று பேச்சு. ஓனரும் தங்க பார்டர் போட்டு, லேமினேட் செய்யும் தடிமனில் ஒரு கட்டு அடித்துக்கொண்டு வந்தார். கீழே "மரப் பரிசோதனை நிபுணர்" என்று போட்டு என் பெயர். நான் படித்தது வரலாறு.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"நீ போட்டாத்தான் நம்புவாங்க. நான் போட்டா என் பொண்டாட்டியே நம்ப மாட்டா."

அது உண்மைதான். அதனாலேயே நான் பிடிவாதமாக இருந்தேன்.

இந்த நிலைமையில் அந்த டான்ஸ் ஃப்ளோர் கிட்டார் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட்டில் ஆபீஸர்களுக்கு ஒரு மெஸ் இருந்ததாம். அதன் ஹாலில் துரைமார்களும் துரைசானிகளும் சனிக்கிழமை தோறும் ஆடிய தேக்குத் தரையைப் பெயர்த்து, அந்தப் பலகையில் இந்தக் கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் செய்ததாம். மெஸ்ஸின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் கூட இருந்தது. நான் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்து ரேகை பார்த்தேன். பாலிஷ் வேண்டுமென்றே கறுப்பாக இருந்தது. இது நூறு வருஷ மரம் இல்லை, எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டேன். அது இரண்டு மாதம் என் கையெழுத்து இல்லாமல் சும்மா தொங்கியது.

மூன்றாவது மாதம் ஒரு காலை கடையைத் திறந்து பெருக்கும்போது, அந்தக் கிட்டாருக்கு நேர் கீழே கறுப்பு வெல்வெட்டில் ஒரு சிட்டிகை மாவு கிடந்தது. துடைத்தேன். மறுநாளும் கிடந்தது. கிட்டாரைத் திருப்பினேன். முதுகு ஓரத்தில் குண்டூசி குத்தியது போல ஏழெட்டு ஓட்டை. மரம் உளுத்துக்கொண்டிருந்தது.

உளுத்த மரம் என்றால் பழைய மரம்தானே. நம் வீடுகளில் எதைப் பூச்சி அரிக்கும், தாத்தா காலத்துப் பெட்டியைத்தானே. அப்படியானால் நான் இரண்டு மாதமாக ஒரு நேர்மையான ஆசாரியைப் பொய்யன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நேரே கல்லாவுக்குப் போனேன்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். மரம் பழசுதான்."

ஓனர் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மருந்து அடித்த பிறகு ஓட்டைகளை அடைக்கலாமா என்று கேட்டேன். "நக்கோ, நக்கோ, அப்படியே இருக்கட்டும். அதான் அழகு" என்று தடுத்துவிட்டார். அன்றைக்கே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டேன். தப்பை ஒப்புக்கொள்கிற பெரிய மனசு எனக்கு இருக்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன் பாருங்கள், அந்த நிமிஷத்தைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. சந்தேகப்படும்போது நான் நாலு விதமாகச் சோதித்தேன். நம்ப ஆரம்பித்தபோது ஒரு சோதனையும் செய்யவில்லை.

அடுத்த வாரமே செந்தில் வந்தான். ஈரோட்டுப் பையன், மாதாப்பூரில் வேலை, என்னிடம்தான் முதல் கிட்டார் வாங்கினான். வாசிக்க வராது. வந்தாலும் சொல்லமாட்டேன் என்கிற அளவுக்கு அடக்கம். அவனுக்கு ஒரு சிக்கல். கூட வேலை பார்க்கும் ப்ரீத்தி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. பெண்ணுக்கும் சம்மதம். அவள் அப்பா ராணுவத்தில் மேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், வேலூர் பக்கத்துக்காரர், சைனிக்புரியில் வீடு. மனிதருக்கு சாப்ட்வேர் பையன் என்றாலே ஆகாது.

"எல்லாரும் அமீர்பேட்டுல சர்டிபிகேட் வாங்குனவங்கன்னு சொல்றாருங்க்கா. என்ர டிகிரி சர்டிபிகேட்டக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாருங்க. அனுபவ சர்டிபிகேட்டுல இருந்த கம்பெனிக்கு அவரே போன் பண்ணி விசாரிச்சாருங்க."

"எல்லாம் சரியாத்தானே இருந்தது?"

"சரியாத்தானுங்க இருந்துச்சு. சரியா இருக்கறதுனாலயே இன்னும் சந்தேகமா இருக்குன்னுட்டாருங்க."

மேஜர் கிட்டார் வாசிப்பார் என்று ப்ரீத்தி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், அன்றைக்கு முடிவு சொல்லிவிடுவார், போகும்போது நல்ல கிட்டாராக ஒன்று கொண்டுபோக வேண்டும் என்றான். ஓனர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். மிலிட்டரிக்காரருக்கு மிலிட்டரி மெஸ் கிட்டார், வேறு என்ன வேண்டும். செந்தில் ஓட்டைகளைப் பார்த்தான், சர்டிபிகேட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நெசந்தானுங்களாக்கா?"

"நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் தம்பி."

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேறொரு சண்டைக்குக் கிளம்பினேன். வீட்டில் ஆறு மாதம் முன்பு செய்த புத்தக அலமாரியிலிருந்து மாவு மாவாகக் கொட்ட ஆரம்பித்திருந்தது. பாலாநகர் போகும் வழியில் இருக்கும் மர டிப்போக்காரர்தான் பலகை கொடுத்தவர். புது மரம் என்று சொல்லி எங்கேயோ கிடந்த பழைய மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்குக் கோபமான கோபம். போனதும் போகாததுமாக, மாவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனதை அவர் மேஜையில் கொட்டினேன்.

அவர் தக்கினியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய மரமா? அம்மா, இந்தப் பூச்சி பழைய மரத்துக்கு எதுக்கு வருது? மரத்துல பச்சைச் சத்து இருந்தாத்தான் வரும். புது மரத்தோட வெள்ளைப் பகுதிதான் இதுக்குச் சாப்பாடு. வைரம் பாஞ்ச பழைய தேக்கைக் கடிச்சா இதுக்குப் பல்லு போயிடும்."

"அப்ப மாவு கொட்டுதுன்னா?"

"புதுசுன்னு அர்த்தம். நான் உங்களுக்குப் புது மரம்தான் குடுத்தேன். வேணும்னா எழுதித் தரேன்."

அந்த மனிதர் சர்டிபிகேட் வேறு தருகிறேன் என்கிறார். எனக்கு அலமாரி மறந்துபோனது. பக்கத்தில் இருந்த பலகை அடுக்கில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் நான் சொன்னது சரி. சரியாக இருந்தவள், தப்பான சாட்சியை நம்பி, சரியானதைக் கைவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மணி பன்னிரண்டு. சைனிக்புரியில் ஒரு மனிதர் அந்தச் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கொண்டுவந்து கொடுத்தவன், அந்த வீட்டில் ஏற்கெனவே பொய் சர்டிபிகேட்காரன் என்ற சந்தேகத்துக்கு ஆளானவன்.

செந்திலுக்கு போன் போட்டேன். அவன் காலர் ட்யூனில் வைத்திருந்த முருகன் பாட்டை ஒன்பது தடவை கேட்டேன். பையன் போனை எடுக்கவில்லை. மேஜர் வீட்டுத் தெருவைக் கடையிலேயே சொல்லியிருந்தான், ஆட்டோ பிடித்தேன்.

வழியெல்லாம் யோசனை. போய் என்ன சொல்வது? மரம் பொய் என்று சொன்னால் அவன் கதி அவ்வளவுதான். சொல்லாமல் இருந்தால், மேஜருக்கு என்றைக்காவது தெரியும்போது அவன் கதி அதைவிட மோசம். அதற்குள் கல்யாணமும் ஆகியிருக்கும். செந்திலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அவனே தீர்மானிக்கட்டும் என்று விடலாமா என்று நினைத்தேன். நல்ல யோசனையாகத்தான் இருந்தது, தப்பு செய்தவள் நான், தீர்மானிப்பவன் அவன். அல்வால் தாண்டும்போதே எனக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

கேட்டைத் திறந்தது ப்ரீத்தி. ஹாலில் மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் கிட்டார், மூக்கில் கண்ணாடி, கையில் என் சர்டிபிகேட். செந்தில் எதிரே சோபாவின் நுனியில், இன்னும் அரை அங்குலம் நகர்ந்தால் தரையில்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் பளிச்சென்று ஆனது, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"சார், இவங்கதானுங்க விமலாக்கா. கையெழுத்துப் போட்டவங்களே வந்துட்டாங்க."

மேஜர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "உக்காருங்கம்மா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்த மரத்தை நீங்க எப்படிப் பரிசோதனை பண்ணீங்கன்னு தெரிஞ்சிக்கணும்."

செந்திலைத் தனியாகக் கூப்பிடும் திட்டமெல்லாம் அங்கேயே காலி. நான் உட்காரவில்லை.

"சரியாப் பண்ணல சார். இது பழைய மரம் இல்லை. புது மரம். பூச்சி அரிச்சதைப் பார்த்துப் பழசுன்னு முடிவு பண்ணிட்டேன், அது தப்புன்னு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது. இந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. என் வார்த்தையை நம்பி வாங்கினார். தப்பு முழுக்க என்னோடது."

செந்தில் சோபாவிலிருந்து எழுந்தான். எழுந்தவன் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். மேஜர் சர்டிபிகேட்டை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தான் சார். பொறந்தது செகந்திராபாத்."

"இந்த மெஸ்ஸு இருந்த தெருவுல போயிருக்கீங்களா?"

"பள்ளிக்கூடம் போற வழி சார் அது."

"இந்த ஊர்ல பழைய கட்டடத்துல தரை எதுலம்மா போட்டிருக்கான்?"

கல்லில்தான். ஷாபாத் கல். என் வீட்டில் ஷாபாத் கல், என் பள்ளிக்கூடத்தில் ஷாபாத் கல், இருபத்தெட்டு வருஷமாக நான் நின்ற கடையில் என் கால் வலிக்கக் காரணமே ஷாபாத் கல். பூதக்கண்ணாடி வைத்து மரத்தைப் பார்த்தவள், அப்படி ஒரு மரத்தரை இந்த ஊரில் எங்கே இருந்தது என்று கீழே குனிந்து ஒரு தடவை பார்க்கவில்லை. எனக்கு மானம் போயிற்று.

"அந்த மெஸ் ஹால்ல நான் விழுந்திருக்கேன்மா. என் கல்யாண ரிசப்ஷன் அன்னிக்கு, ஜெனரல் முன்னாடி. வழவழன்னு கல்லுத் தரை. இந்த முட்டி அதுக்கப்புறம் முழுசா மடங்கவே இல்ல" என்று காலைத் தட்டிக் காட்டினார். "இவன் இந்தப் பேப்பரைக் குடுத்ததும் படிச்சேன். படிச்ச உடனே எனக்குத் தெரியும்."

"அப்ப ஒரு மணி நேரமா எதுக்குங்க சார் வாசிச்சீங்க?" என்று செந்தில் கேட்டான். பாவம், பயத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

"கிட்டார் நல்லா இருந்துச்சு, வாசிச்சேன். நீ எவ்வளவு தூரம் போறேன்னும் பார்க்கணும் இல்ல?"

"டாடி, ப்ளீஸ்" என்றாள் ப்ரீத்தி.

மேஜர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு செந்திலைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் மனசுக்குள் அந்த காலர் ட்யூன் முருகனையே வேண்டிக்கொண்டேன்.

"அய்யா, ஆறு மாசமா உன்னை நான் ஃப்ராடுன்னு நினைச்சிட்டு இருந்தேன். எவ்வளவு தேடியும் ஒண்ணும் சிக்கல, அதனால பெரிய ஃப்ராடுன்னு நினைச்சேன். டான்ஸ் ஃப்ளோர்ல செஞ்ச கிட்டாருன்னு எவனோ சொன்னதை, ஓட்டை எண்ணிப் பார்த்துக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கே. ஃப்ராடு பண்றவன் இப்படி ஏமாற மாட்டான். நீ ஃப்ராடு இல்லப்பா. நீ மக்கு."

"ஆமாங்க சார்" என்றான் செந்தில்.

"மக்குக்குப் பொண்ணு குடுக்கலாம். எம் பொண்ணு பாத்துக்குவா. எந்திரி, சாப்பிடலாம். நீங்களும் வாங்கம்மா."

சாப்பிட்டேன். கோழிக்குழம்பு. மானம் போன பிறகும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். கிட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தை வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். மேஜர் தரமாட்டேன் என்றுவிட்டார். கதையைத்தான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மறுநாள் கடையில் அந்த சர்டிபிகேட் கட்டையே கிழித்தேன். "அப்ப டான்ஸ் ஃப்ளோர் நக்கோ, ஜன்னல்னு போடலாம், ஜன்னல் எல்லா வூட்லயும் மரம்தானே" என்றார் ஓனர். அவர் திருந்துவார் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். விலை கூடிய கிட்டாரை, அதிலும் கதையோடு வருகிற கிட்டாரை, சந்தேகப்படுங்கள், தப்பில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று உள்ளே குளிர்கிற அன்றைக்கு இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். தப்பு தெரிந்தால் ஆட்டோ பிடியுங்கள், போனில் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அன்றைக்கு என்னை வழியனுப்ப ப்ரீத்தி கேட் வரைக்கும் வந்தாள். நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அன்றைக்கு என்னவோ தமிழில் முயற்சி செய்தாள்.

"ஆன்ட்டி, நீங்க வர்றதுக்கு முன்னாடி டாடி அவனை க்ரில் பண்ணார். மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும், எப்படி நம்பினேன்னு கேட்டார்."

"என்ன சொன்னான்?"

"மரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, விமலாக்காவைத் தெரியும்னு சொன்னான்."

அவளிடம் சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். தெரு முனை திரும்புவதற்குள் அழுகை வந்துவிட்டது, சும்மா கண் கலங்கியது இல்லை, விக்கி விக்கி அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, யாராவது தவறிட்டாங்களா அம்மா என்று தெலுங்கில் கேட்டான். இல்லைப்பா, ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றேன். உங்கள் பெண்ணுக்கா என்றான். இல்லை, நான் கெடுக்கப் பார்த்த கல்யாணம் என்றேன். அதற்கப்புறம் என் வீடு வருகிறவரை அவன் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை.